நிருவாகியின் கடவுச்சொல் இன்றிப் பொதுக் கோப்புறையை இணைத்தல்

கேரளத்தின் எல்லைப்புறத்தே, பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கி வருகின்றன. அம்மாநிலத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017 முதல் அப்பணியைத் தொடரும் கைட் நிறுவனமும் பள்ளிக் கணிப்பொறிகளில் லினக்ஸை நிலைபெறச் செய்துள்ளன.

இத்தகைய பள்ளியொன்றில், பாடப் படங்கள் யாவும் ஒரு கணிப்பொறியில் பொதுக் கோப்புறையாக வைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். வகுப்பறைக் கணிப்பொறியில் அதனை 'மவுண்ட்' செய்ய, அதாவது இணைக்க, ஆசிரியர் முற்படின் நிருவாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். பொறுப்பாளர் விடுப்பிலிருப்பின் அன்றைய பாடம் தடைப்படும். கடவுச்சொல்லை அனைவர்க்கும் அறிவித்துவிடுவது எளிய வழியாகத் தோன்றலாம். ஆயின் அதனை அறிந்தவர் அக்கணிப்பொறியிலுள்ள மதிப்பெண் பட்டியல் உட்பட எக்கோப்பையும் மாற்றவோ அழிக்கவோ இயலும்.

இக்கட்டுப்பாடு காரணமின்றி ஏற்பட்டதன்று. எவரும் எதனையும் எவ்விடத்தும் இணைக்கலாமெனின், அமைப்புக் கோப்புகளை மறைத்து அவற்றின் இடத்தில் போலிகளை வைத்துவிடலாம். ஆகவே, பொது உரிமை அளியாது, குறித்த ஒரு கோப்புறைக்கு மட்டும் இசைவளித்தலே முறை.

அதற்கு நிருவாகி 'எஃப்.எஸ்.டேப்' என்னும் கோப்பில் ஒருமுறை ஒரு வரி எழுதினால் போதும். கோப்புறையின் முகவரி, இணைக்கும் இடம், 'சிஃப்ஸ்' என்னும் வகை ஆகியவற்றின்பின் விருப்பக் குறிகள் வரும். 'யூசர்' எனக் குறிப்பின், சாதாரணப் பயனரும் அதனை இணைக்கலாம், இணைத்தவரே நீக்கலாம். 'யூசர்ஸ்' எனின், எவரும் நீக்கலாம்; ஆசிரியர் மாறிமாறி வரும் வகுப்பறைக்கு இது ஏற்றது. 'நோஆட்டோ' எனின், கணிப்பொறி தொடங்கும்போது தானாக இணையாது. முதலிரு குறிகளும், அக்கோப்புறையிலுள்ள நிரல்கள் நேரே இயங்குவதைத் தாமே தடுத்துவிடுகின்றன என்பது சிறப்பு.

எஃப்.எஸ்.டேப் கோப்பை எவரும் படிக்க இயலுமாதலால், பொதுக் கோப்புறைக்குரிய கடவுச்சொல்லை அதில் எழுதலாகாது. உரிய பயனர் மட்டுமே படிக்கத்தக்க தனிக் கோப்பில் அதனை வைத்தல் வேண்டும்.

எப்போதேனும் ஒருமுறை தேவைப்படுவோர்க்கு இதுவும் வேண்டா. கோப்பு மேலாளரில் 'எஸ்.எம்.பி.' முகவரியை இட்டால், நிருவாகியின் உரிமையின்றியே கோப்புறை திறக்கும்.

இறுதியாக ஒன்று: இணைத்தல் வேறு, எழுதும் உரிமை வேறு. எவர் படிக்கலாம், எவர் திருத்தலாம் என்பதைக் கோப்புறையை வழங்கும் கணிப்பொறியே முடிவு செய்கிறது. பாடக் கோப்புறையைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, மதிப்பெண் கோப்புறையைத் தனியே காத்தல் நன்று.