அந்தக் கையும் வேலை செய்யட்டும்

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பியவரை நம் வீடுகளில் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். சோற்றைப் பிசைந்து ஊட்டுவார்கள், சட்டை மாட்டிவிடுவார்கள், தண்ணீர்ச் சொம்பை வாயருகே பிடிப்பார்கள். "நீங்க சும்மா இருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்பதில் உள்ள பாசம் பெரியது. ஆனால், விழுந்த கை மறுபடி எழுவதற்கான வாய்ப்பை அந்தப் பாசமே பறித்துவிடக்கூடும்.

இதை முதலில் காட்டியவை குரங்குகள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், குரங்கின் ஒரு கையிலிருந்து தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளை மட்டும் துண்டித்தார். அசைக்கும் நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையை அப்படியே தொங்கவிட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும், தொங்கிய கையை நீட்டி உணவை எடுத்தது! தொடக்க நாட்களில் முயன்று முயன்று தோற்றதில், 'இந்தக் கை உதவாது' என்பதை அது கற்றுக்கொண்டிருந்தது என்றார் டாப். (டாப்பின் ஆய்வகத்தில் குரங்குகள் அடைக்கப்பட்டிருந்த மோசமான நிலை 1981-ல் வழக்கானது; அறிவியல் பெற்ற இந்தப் பாடத்துக்கு அவை கொடுத்த விலை அதிகம்.)

1996-ல் நரம்பியல் ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோவின் குழு மூளைக்குள்ளேயே பார்த்தது. குரங்கின் மூளையில் கையை இயக்கும் பகுதியில் சிறு சேதம் ஏற்பட்டபின் பயிற்சி தராமல் விட்டால், சேதமடையாத பக்கத்துப் பகுதியும் கைக்கான வேலையைக் கைவிட்டது. பயிற்சி தந்தபோது அந்த இழப்பு தடுக்கப்பட்டது. சில குரங்குகளில் கைக்கான இடம் விரிந்தும் இருந்தது.

மனிதர்களிடம் இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, நல்ல கையில் உறை மாட்டிக்கொண்டு, பாதித்த கையால் அன்றாட வேலைகளைப் பழகினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் கை ஓராண்டு கழித்தும் நன்றாக இயங்கியது. எல்லோருக்கும் இது பொருந்தாது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இந்த முறை.

இந்தப் பயிற்சியை வீட்டு வேலையாகவே மாற்றித் தருபவர்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிசியோதெரபி நடையையும் தசை வலுவையும் பார்த்துக்கொள்கிறது. இவரோ நோயாளி தானே பல் துலக்கவும், குளிக்கவும், சட்டை போடவும், சாப்பிடவும் வழி தேடுகிறார். சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்று சொல்லித் தருவார். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குவார். குளியலறைச் சுவரில் கைப்பிடி எங்கே வேண்டும் என்று பார்ப்பார். சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து மறைந்துவிடும். தட்டின் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும். "சாப்பாடு பிடிக்கலையோ" என்று வீட்டார் வருந்துவார்கள். கண்ணை இடப்பக்கம் திருப்பித் தேடும் பழக்கத்தை அவருக்கு நாள்தோறும் ஊட்ட வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. வலக்கை விழுந்தவர் இடக்கையால் சாப்பிடக் கூசுவார். நான்கு பேர் நடுவில் அப்படிச் சாப்பிடுவதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கூச்சத்தைப் புரிந்துகொண்டு பேசுவதும் சிகிச்சைதான்.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் மட்டும் போதுமா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். குடும்பத்தாரே பயிற்சி தரும்படி ஏற்பாடு செய்தும், ஆறு மாத முடிவில் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலோ வேறுபாடு இல்லை என்று 2017-ல் முடிவு வந்தது. மாறாக, மருத்துவமனையில் சேராமல் வீட்டிலேயே இருந்த 185 பக்கவாத நோயாளிகளை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தேடிச் சென்று பயிற்றுவித்த இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஆய்வில் (1999), அன்றாடச் செயல்கள் மேம்பட்டன. இரண்டும் வெவ்வேறு நாடு, வெவ்வேறு நோயாளிகள். நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும், பயிற்சி பெற்ற தெரபிஸ்டின் வேலையை முழுக்கக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு அரசும் மருத்துவமனைகளும் ஒதுங்கிவிட முடியாது என்றே இதைப் படிக்கிறேன்.

வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்திருந்தால், தூக்கும்போது பாதித்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள்; தோள்மூட்டு இறங்கிவிடும். விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று மருத்துவர் சொன்னபின், அவர் சிந்திச் சிதறிச் சாப்பிட்டாலும் பொறுத்திருங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருந்துச் சீட்டோடு, "ஆக்குபேஷனல் தெரபிக்கு எங்கே போகணும்?" என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.