பெட்டிக்கடைப் போர்டுக்கும் அளவு உண்டு

டீ வரட்டும். அதுவரை எதிரே இருக்கும் பெட்டிக்கடையைப் பாருங்கள். கணியூரோ காரத்தொழுவோ மடத்துக்குளமோ, கடை இப்படித்தான் இருக்கும்: முன்னால் மிட்டாய்ப் பாட்டில், மேலே ஷாம்பு சரம், கடைக்காரர் தலைக்குப் பின்னால் சிகரெட் பாக்கெட்டுகள் அடுக்கிய பளபளக்கும் ஷெல்ஃப். "சிகரெட் விளம்பரத்தைத்தான் எப்பவோ தடை பண்ணிட்டாங்களே, அப்புறம் இதென்னங்க?" என்று கேட்டால், பதில் கொஞ்சம் நீளம்.

தடை உண்மைதான். 'கோட்பா' எனப்படும் 2003-ம் வருடப் புகையிலைச் சட்டம் டிவி, பத்திரிகை, சுவர், விளையாட்டுப் போட்டி என்று எல்லா வழியையும் அடைத்தது. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையின் பெயரே 'வில்ஸ்' கோப்பை என்றால் இன்றைய பையன்கள் நம்பமாட்டார்கள். ஆனால் விற்கும் கடையில் போர்டு வைத்துக்கொள்ள ஐந்தாவது பிரிவு இடம் விட்டது. சிகரெட் கம்பெனிகள் எல்லாம் அந்தச் சந்துக்குள் புகுந்துவிட்டன.

அந்தப் போர்டுக்கும் அளவு உண்டு. பனியன் தைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இஞ்ச் டேப்புக்கா பஞ்சம்? 60 செ.மீ.க்கு 45 செ.மீ., அதாவது சுமார் இரண்டடிக்கு ஒன்றரையடிக்குள் அடங்க வேண்டும். அதன் மேல்பக்கம், 20-க்கு 15 செ.மீ. அளவில், புகையிலை புற்றுநோய் தரும் அல்லது உயிரைக் கொல்லும் என்ற எச்சரிக்கை நம் மொழியில் இருக்க வேண்டும். மிச்ச இடத்தில் சிகரெட், பீடி என்று சரக்கின் வகையை மட்டும் எழுதலாம். கம்பெனிப் பெயர் கூடாது, பாக்கெட் படம் கூடாது, உள்ளே லைட்டும் எரியக் கூடாது. இது 2005 விதி. நீதிமன்றத் தடையில் முடங்கிக் கிடந்து, 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கிய பிறகுதான் உயிர் வந்தது.

போர்டுக்குக் கெடுபிடி வந்தால் என்ன, ஷெல்ஃபே போர்டாகிவிட்டது. பெயர் தெரியும்படி வரிசையாக அடுக்கினால் தனியாக எழுத வேண்டிய வேலை மிச்சம்.

பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் 2016 முதல் கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டீ குடிக்க வருபவர் பாக்கெட்டா வாங்குகிறார்? "ஒண்ணு குடுங்க" என்கிறார். சிகரெட் அவர் கைக்குப் போகிறது, படம் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை இதுதான். மகாராஷ்டிரா 2020-லேயே சிகரெட்டை இப்படி ஒன்றொன்றாக விற்பதற்குத் தடை போட்டது.

சரி, யார் பிடிப்பது? சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் சோதனை போடலாம், பறிமுதல் செய்யலாம். விளம்பரக் குற்றத்துக்கு முதல் தடவை இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுலபமாகச் சிக்குபவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான். ஆனால் காசுக்காக விளம்பரத்தை வைப்பவரோடு, வைக்கச் செய்பவரையும் அந்த ஐந்தாவது பிரிவே சேர்த்துச் சொல்கிறது. போர்டைக் கொண்டுவந்து மாட்டியது யார் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "சிகரெட் போடுற லைன் வண்டியில வர்ற தம்பிதானுங்க" என்று சட்டென்று சொல்லிவிடுவார்.