குழாய் வாயுவைத் தின்னும், தெரியுமா?

ஜவ்வாது மலையில் உட்கார்ந்தபடியே, பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் எரியும் நட்சத்திரத்தில் என்னென்ன வாயு இருக்கிறது என்று சொல்லிவிட முடியும், தெரியுமா? ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இந்த வேலையைச் செய்கிறது. அது பிடிக்கும் வெளிச்சம், தலைமுடி பருமனே உள்ள சுமார் 45 மீட்டர் நீளக் கண்ணாடி இழை வழியாக நிறமாலைமானிக்கு வருகிறது. அங்கே நிறம் நிறமாகப் பிரியும். எந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுகிறது என்று பார்த்தால் போதும்: ஹைட்ரஜனா, சோடியமா, இரும்பின் ஆவியா என்று தெரிந்துவிடும்!

ஆனால் வெளிச்சம் முழுசாக வந்து சேர்வதில்லை. கண்ணாடி இழை சிவப்பைவிட நீலத்தை அதிகமாக விழுங்கும். போதாததற்கு, நம் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் நீராவியும் தங்கள் கோடுகளையும் நடுவில் போட்டுவிடும். வானியலாளர்கள் இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் நட்சத்திரத்தைப் படிக்கிறார்கள்.

மலையை விட்டு இறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகள். இங்கும் எட்ட நின்றேதான் வாயுவைக் கண்டறிய வேண்டும். ஆனால் வழியில் தொலைவது வெளிச்சமல்ல, வாயு; அதனால் போவது உயிர்! தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வருமே, அதுதான். ஆனால் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) தாண்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது! அதனால் கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரும் தலையை நீட்டும் முன், மேலே நின்றபடியே குழாயை இறக்கி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, கேஸ் டிடெக்டரில் பார்க்க வேண்டும்.

ஏதோ ஒரு பிளாஸ்டிக் குழாய் போதாதா? ஆக்சிஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு என்றால் பெரும்பாலும் போதும். ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா, குளோரின் அப்படியல்ல. ரப்பர், பிவிசி குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஊறியும் போகும். கீழே விஷம் தேங்கி நிற்க, திரையில் குறைந்த எண் வரும்! ஊறிய வாயு பிறகு மெல்லக் கசிந்து, சுத்தமான இடத்திலும் அலாரம் அடிக்க வைக்கும். சிலிகான் குழாய் வளைக்க வசதி. ஆனால் ஓட்டையே இல்லாத அதன் சுவர் வழியாக ஆக்சிஜன் ஊடுருவிவிடும், தெரியுமா?

ஒட்டும் வாயுக்களுக்கு ஏற்றது நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான். அது பிறந்த கதையே வாயு காணாமல் போன கதைதான்! 1938 ஏப்ரல் 6 அன்று, டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் ஒரு சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை. எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள்! அந்தத் தூள்தான் டெஃப்லான்.

நல்ல குழாயிலும் ஈரம் இருந்தால் போச்சு. சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியாவைக் கரைத்துக்கொள்ளும்! குழாயில் நிற்கும் நாலு சொட்டு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் நுனியில் நீர் புகாத வடிகட்டி மாட்டுகிறார்கள்.

அகலமான குழாய் இன்னும் நல்லது என்று தோன்றுகிறதா? 3 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 10 மீட்டர் குழாய்க்குள் சுமார் 70 மில்லிலிட்டர் காற்று நிற்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர் இழுக்கும் பம்பு அதை எட்டொன்பது நொடியில் காலி செய்யும். உள்விட்டம் 6 ஆனால் 34 நொடி! அதற்கு மேல் சென்சார் நிதானமாக எண்ணைக் காட்டும் நேரம் தனி. மீத்தேன் லேசு, மேலே ஏறும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம். ஆகவே வாயில், நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் குழாயை நிறுத்திக் காத்திருந்து பார்ப்பதே முறை.

இறக்கும் முன் இன்னொன்று. குழாயின் நுனியை விரலால் இறுக்கி மூடுங்கள். பம்பு திணறி அலாரம் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையா? எங்கோ விரிசல். அந்தக் குழாயோடு இறக்கினால், கருவி அளப்பது தொட்டிக் காற்றை அல்ல, மேலே நாம் சுவாசிக்கும் காற்றைத்தான்!