தம்புராவின் பஞ்சமமும் மின்னணுக் கருவியும்

தம்புராவுக்குச் சுருதி கூட்டும் பணியை இன்று பலர் மின்னணுக் கருவியிடமே ஒப்படைத்துவிடுகின்றனர். முள் நடுவில் நின்றால் சுருதி சேர்ந்ததென்பது அவர்கள் துணிபு. பஞ்சமத் தந்தியில் இத்துணிபு பொய்க்கும்.

இக்கருவிகளுட் பெரும்பாலானவை, ஸ்தாயியைப் 12 சமபாகங்களாக்கும் பியானோவின் அளவையைக் கொண்டவை. பியானோவில் எல்லாச் சுருதிகளிலும் வாசிக்க வேண்டுதலின் பஞ்சமத்தைச் சற்றே குறைத்து வைப்பர். செவியால் கூட்டுவோரும் விம்மல்களை எண்ணியே அவ்வாறு செய்வர். தம்புராவுக்கு அத்தேவை இல்லை.

சாரணித் தந்தி விநாடிக்கு 200 முறை அதிர்வதாகக் கொள்வோம். அதன் கீழ்ப்பஞ்சமம் 150 முறை அதிர வேண்டும். கருவி காட்டுவதோ ஏறத்தாழ 149.83. இவ்வேறுபாடு அற்பமெனத் தோன்றலாம். ஆயினும் பஞ்சமத்தின் நான்மடங்கு மேற்சுரமும் சாரணியின் மும்மடங்கு மேற்சுரமும் 600-இல் ஒன்றுபட வேண்டியவை. முன்னது 599.3 ஆகிவிடவே, மூன்று விநாடிக்கு இரு விம்மல்கள் எழும். தம்புராவின் வளைந்த குதிரையும் அதன்மேல் இடும் நூலும் மேற்சுரங்களை ஓங்கச் செய்வன (இதனைச் சி. வி. இராமன் 1921-இல் ஆராய்ந்தார்). ஆதலின் அவ்விம்மல் செவிக்குத் தப்பாது. அதனுடன் பாடிப் பழகும் மாணவரின் பஞ்சமமும் தளரும்.

இரைச்சல் மிக்க வகுப்பறையில் சாரணியைக் கருவிகொண்டு நிறுத்துதல் தகும். பஞ்சமத்தையோ, முதலிற் பிரடையாலும் பின்னர் மணியாலும், விம்மல் மெல்ல நீண்டு மறையும்வரை செவியாலேயே கூட்டுக. ஷாதிபூர் போன்ற தீவுப் பகுதிகளில் ஈரக்காற்றால் மரம் உப்புமாதலின், பாடத்தின் இடையிலும் ஒருமுறை சோதித்தல் நன்று.