முதல் கவளம் – 9: தட்டுக்கு முன் தராசு

எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1980-இல், மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் வேறொரு வேலை ஆரவாரமில்லாமல் ஆரம்பித்திருந்தது. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. இன்று அதன் பெயர்கூடப் பலருக்கு நினைவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் உணவு கொடுக்க நம் மாநிலம் எடுத்த முயற்சிகளில் அதிகம் யோசித்துச் செய்தது அதுதான் என்பேன்.

பள்ளியிலோ மையத்திலோ சோறு போட்டால், நடந்து வருகிற பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். ஆனால் உடம்பு தேய்வது அதற்கு முன்பே, தாய்ப்பால் மட்டும் போதாமல் போகிற ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். அதனால் இந்தத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் உணவு கொடுக்கவில்லை. எல்லோரையும் மாதம் தவறாமல் எடை போட்டது. அட்டையில் கோடு மேலே ஏறினால் சரி. ஏறாமல் படுத்தாலோ இறங்கினாலோ, மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த லட்டு 90 நாளைக்கு. பிள்ளை தேறிவிட்டால் லட்டு நிற்கும். மெலிந்து கண்ணுக்குத் தெரியும்வரை காத்திராமல், எடை நின்றுபோன மாதத்திலேயே பிடித்துவிடுவதுதான் இதன் நுட்பம். கர்ப்பிணிகளிலும் பாலூட்டும் தாய்மாரிலும் உடல் நலிந்தவர்களுக்கும் உணவு உண்டு.

ஊழியரைத் தேர்ந்தெடுத்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்தவராக இருந்தால் முன்னுரிமை. ‘வசதி இருக்கிறவள் சொல்லிவிட்டுப் போவாள்’ என்று எந்தத் தாயும் அவரிடம் சொல்ல முடியாது அல்லவா?

முதலில் தொடங்கிய வட்டாரங்களில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நடுத்தர ஊட்டக்குறைவு அவ்வளவாக அசையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1990-இல் வந்த இரண்டாம் கட்டம் 1997-இல் முடிந்தது. பிறகு எல்லாம் அங்கன்வாடியோடு ஒன்றாகிவிட்டது.

இன்று அங்கன்வாடியில் சத்துமாவுப் பாக்கெட் தருகிறார்கள். கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் சேர்ந்த மாவு. மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரிப்பது. நல்ல மாவு. ஆனால் அது வீட்டுக்குப் போனபின் நடப்பதை எடை போடும் நாளில் எந்த மையத்திலும் கேட்கலாம்.

“ஏம்மா, புள்ள போன மாசம் இருந்த எடைதானே இருக்கு. மாவு குடுத்தியா?”

“குடுத்தேங்க்கா. பெரியவனும் கேக்குறான். உருண்டை புடிச்சா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் புடிக்கணும்.”

“ஒரு நாளைக்கு எத்தன தடவ ஊட்டுற?”

“காலைல ஒருக்கா. வேலை விட்டு வந்து ஒருக்கா.”

அந்தத் தாய் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கேட்கிற பிள்ளைக்கு இல்லையென்று எந்த அம்மா சொல்லுவாள்? சிக்கல் இரண்டாவது பதிலில் இருக்கிறது. ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை, தாய்ப்பால் போக மூன்று நான்கு வேளை ஊட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு வயிறு ஒரே வேளையில் அவ்வளவையும் வாங்காது. களையெடுப்புக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவளுக்கு அந்த நடு வேளைகள் ஏது? பாக்கெட்டை எத்தனை பெரிதாக்கினாலும் பகலில் ஊட்டும் கையை அது தந்துவிடாது.

2022-இல் வந்த ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை மிகவும் மெலிந்திருந்தால் ஊட்டச்சத்துப் பெட்டகம் தாய்க்குப் போகிறது. பால் கொடுக்கிறவள் சாப்பிட்டால்தானே பிள்ளை தேறும், சரியான ஏற்பாடு. அதே கரிசனம் ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடர வேண்டும். தாய் வேலைக்குப் போயிருக்கும் பகல் பொழுதில், நடக்கத் தெரியாத பிள்ளைக்கு நடுவேளைக் கஞ்சியை ஊட்ட ஊர்தோறும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அரசு சம்பளம் கொடுக்க வேண்டும்.

வேலையிடத்திலேயே குழந்தைக்கு இடம் ஒதுக்கச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் பிள்ளைக் காப்பகங்களைப் பற்றி அடுத்த வாரம்.