குல்மார்க்குக்கு இரண்டாவது சீசன் வந்த கதை

நான் சுரண்டைக்காரன். எங்க பக்கம் 'சீசன்'னா ஜூன்ல சாரல் அடிச்சு, குற்றாலத்துல தண்ணி விழுற காலம். ஆனா கார்த்திகை, மார்கழியிலும் அங்கே கூட்டம் உண்டு. சபரிமலைக்குப் போற ஐயப்ப பக்தர்கள் அது. ஆக, மழை மட்டும் சீசனை உண்டாக்குறதில்லை, மனுஷங்களும் உண்டாக்குவாங்க. காஷ்மீரில் ஒரு பனிச்சறுக்கு கிளப் அதைத்தான் செய்தது.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிற புல்வெளி. வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்களுக்கு அது கோடை ஊர்: கோல்ஃப், குதிரை சவாரி. பனி கொட்ட ஆரம்பித்தால் கிளம்பிடுவாங்க.

அப்போ ஐரோப்பாவில் பனிச்சறுக்கு மோகம் ஏறிக்கிட்டிருந்தது. முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது 1924-ல். இந்தியாவில் வேலை பார்த்த அதிகாரிகள் ஆல்ப்ஸ் மலைக்குப் போகணும்னா கப்பலிலேயே வாரக்கணக்கில் ஆகும். 1927-ல் இரண்டு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் குல்மார்க்கிலேயே 'ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா'வை ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் மேஜர் ஹாடோ.

கிளப் செய்த முக்கியமான வேலை, தேதி குறித்ததுதான். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று என வருஷத்துக்கு இரண்டு சந்திப்பு. தேதி தெரிஞ்சா லீவு போடலாம், அறை பிடிக்கலாம். வெறிச்சோடிக் கிடந்த மாசங்களில் ஆள் வர ஆரம்பிச்சாங்க.

இன்றைக்கு மாதிரி ரோப் கார் கிடையாது. ஏறுறதுக்கு, சறுக்குப் பலகையின் அடியில் சீல் தோலை ஒட்டிக்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. அதோட முடி ஒரே திசையில் படிஞ்சிருக்கும். முன்னால வழுக்கும், பின்னால வழுக்காது. மணிக்கணக்கில் ஏறி, சில நிமிஷத்தில் இறங்கணும். சரிவுகளுக்கு 'கிறிஸ்துமஸ் கல்லி', 'மேரீஸ் ஷோல்டர்' என்று பேரும் வெச்சாங்க. 1937–39-ல் வருஷத்துக்கு 500 பேர் வரை வந்தாங்க.

அந்தப் பேர்களைக் கவனிச்சீங்களா? மலை காஷ்மீரிகளுடையது, பேர் மட்டும் வந்தவங்களுடையது. 1947-ல் அவங்க போயிட்டா விளையாட்டும் போயிருக்கணும். போகலை. 1948-ல் இந்திய ராணுவம் அங்கேயே ஒரு பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கியது. அதுதான் பின்னாடி உயர்மலைப் போர்ப் பள்ளியாச்சு. பிறகு அரசின் பயிற்சி நிலையமும் வந்தது.

1988-ல் காஷ்மீரைச் சேர்ந்த குல் முஸ்தஃபா தேவ் கால்கரி ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் இறங்கினார். 2022 பெய்ஜிங்கில் இந்தியா அனுப்பிய ஒரே வீரர் ஆரிஃப் கான். குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வெச்சிருந்தவரோட மகன். நாலு வயசிலேயே பலகையில் ஏறினவர்.

ஒரு கிளப் ஊருக்குக் கூட்டத்தைக் கொண்டு வரலாம், வியாபாரத்தையும் கொண்டு வரலாம். ஆனா அந்த விளையாட்டு ஊரோடதா ஆகுறது, அங்கே கடை வெச்சிருக்கிறவரோட பிள்ளைக்கும் அதைக் கத்துக்க வழி கிடைக்கிறப்போதான். உங்க ஊர்ல ஒரு கிளப் ஆரம்பிக்கணும்னு யோசிச்சீங்கன்னா, உறுப்பினர் கட்டணத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.