எலிகளிடத்துக் காணும் உருளைப் புழுக்களும் அவற்றை இனம் பிரித்தறியும் முறையும்

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுப் பாசனத்தால் இருபோகம் விளையும் நன்செய் 14,707 ஏக்கராகும். அப்பள்ளத்தாக்கைச் சேர்ந்த குச்சனூரில் வரப்பைக் குடைந்து வளைக்குள் கதிர்களைச் சேர்த்து வைக்கும் எலியை அறியாத மிராசுதார் இலர். அவ்வெலியின் உடலுக்குள் குடியிருக்கும் புழுக்களை அறிந்தவரோ சிலரே.

அப்புழுக்கள் யாவும் ஓரினத்தன அல்ல. தட்டையாய்க் கணுக்கணுவாய் இருப்பவை நாடாப்புழுக்கள். கணுவின்றி நூல்போல் உருண்டு நீண்டவை உருளைப் புழுக்கள். இவற்றுள் ஆணும் பெண்ணும் வெவ்வேறு. ஆணின் வால்நுனி, தொண்டைக் குழலின் அமைப்பு, முட்டையின் ஓடு, குடியிருக்கும் உறுப்பு ஆகியவற்றைக் கொண்டு சாஸ்திரிகள் இவற்றை வகுப்பர். இந்தியாவில் காணும் உருளைப் புழுக்களை பேலிஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1936, 1939-ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக விவரித்துள்ளார்.

இவ்வகுப்பு வீண் ஆராய்ச்சியன்று. எலியின் ஈரலில் வெண்ணிறப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றச் செய்யும் கபில்லேரியா என்னும் புழுவின் முட்டை, குடலில் வாழும் சாட்டைப் புழுவின் முட்டையைப்போலவே இருமுனையிலும் அடைப்புடையது. ஓட்டின் வரிகளையும் குழிகளையும் பூதக்கண்ணாடியில் உற்று நோக்கினாலன்றி வேற்றுமை புலப்படாது. எலியின் ஈரலை உண்டவன் மலத்தில் இம்முட்டைகள் காணப்படின், அவை உணவோடு புகுந்து கழிந்தனவேயன்றி நோயாகா. மெய்யாகவே இப்புழு மனிதனது ஈரலைப் பற்றினால் (அஃது அரிதே) முட்டைகள் ஈரலிலேயே தங்கிவிடும், மலத்தில் தோன்றா. இனம் தவறாகக் கொண்டால் நோயில்லாதவனுக்கு மருந்தும் நோயுள்ளவனுக்குப் பொய்யான ஆறுதலுமே கிட்டும்.

எலியின் நுரையீரல் இரத்தக்குழாய்களில் மற்றொரு புழு வாழ்கிறது. பெண்புழுவில் செந்நிறக் குடலும் வெண்ணிறக் கருப்பையும் முறுக்கிய கயிறுபோல் தோன்றும். சீனத்துக் கான்டன் நகரில் சென் என்பார் 1935-இல் இதனை விவரித்து ஒரு பெயரிட்டார். 1946-இல் டகர்ட்டி வேறொரு பேரினத்திற் சேர்த்தார். அதனால் ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் கான்டொனென்சிஸ் என வழங்கலாயிற்று. எலிப் புழுக்கையோடு வெளிவரும் இதன் குஞ்சுகள் நத்தையினுள் வளரும். அந்நத்தையைத் தின்னும் எலிக்கு மீண்டும் பற்றும். வேகாத நத்தையையோ, ஓடில்லா நத்தை ஒட்டியிருந்த கீரையைக் கழுவாமலோ உண்ணும் மனிதனுக்கு மூளையுறையில் வீக்கம் உண்டாகும். வயல்நத்தை உண்பார் அதனை நன்கு வேகவைத்தல் வேண்டும்.

எலி ஒழிப்பின்போது செத்த எலிகளை வரப்பின்மேல் எறிந்துவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஈரலிலுள்ள முட்டைகள் உடல் அழுகியோ நாய் பூனை தின்று கழித்தோ மண்ணிற் சேர்ந்து, சில வாரங்களில் தொற்றும் பக்குவம் அடைகின்றன. ஆதலால் அவற்றை வெறுங்கையால் தொடாது எரித்துவிடுதல் நன்று. இயலாவிடின் ஆழப் புதைக்கலாம். ஐயத்திற்குரிய புழு காணின் ஸ்பிரிட்டில் இட்டு, எவ்வகை எலி, எவ்வுறுப்பு, எந்நாள் என்னும் விவரங்களைப் பென்சிலால் எழுதிய சீட்டுடன் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். உறுப்பின் பெயரில்லாத சீட்டால் பயன் குறைவு.